தாய்மடி நாற்காலிக்குப் பின்னால் நின்றவர்

அடிதடி உள்ள கதை இது, கண்ணுகளா. மூக்கு உடையும், விலா நொறுங்கும். பயந்த சுபாவம் உள்ளவர்கள் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் நடந்தது எல்லாமே மூன்று பிரதிகளில் எழுதி, முத்திரை குத்தி, மிகுந்த மரியாதையோடு நடந்தது. ஆகவே யாரும் கலவரப்படத் தேவையில்லை.

நாலு மாடி மரச்சாமான் கடை ஒன்று. அதில் விற்பனையாளராக இருந்தவரை எல்லோரும் சர்க்கரை என்றுதான் கூப்பிட்டார்கள். ஒல்லியான ஆள். பேச்சு அவ்வளவு தித்திப்பு. மேசை வாங்க வந்தவர் அவர் பேச்சைக் கேட்டுவிட்டுக் கட்டிலையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போவார். "நான் இருக்கேன்ல, தைரியமா எடுத்துட்டுப் போங்க" என்பார் கடைசியாக. அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை.

அந்தக் கடைக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு பொருளோடும் ஓர் உத்தரவாத அட்டை கொடுப்பார்கள். முன்பக்கம் பொருளின் படம் இருக்கும். பின்பக்கம் விற்றவரின் பெயர், வீட்டு முகவரி, கையெழுத்து, கட்டைவிரல் ரேகை. கடையின் முகவரி அதில் எங்கும் கிடையாது. 'எங்கள் ஒவ்வொரு பொருளுக்குப் பின்னாலும் ஒரு மனிதர் நிற்கிறார்' என்று வாசலில் ஆளுயர எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். பதினாறு வருடமாக அதன் கீழே நுழைந்து போன சர்க்கரை, அந்த மனிதர் யார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு ஜன்னலோரம் நின்று சவரம் செய்துகொண்டிருந்தார். கதவு தட்டப்படவில்லை, திறந்தது. நிலைப்படி அகலத்துக்கு ஒருவர் நின்றார். வலது கை மாவுக்கட்டோடு கழுத்தில் தொங்கியது. மூக்கின் மேல் பட்டை. நெற்றியில் எலுமிச்சை அளவு வீக்கம்.

"சர்க்கரைங்கறது யாரு?"

"நான்தாங்க. உள்ள வாங்க, உக்காருங்க."

"இன்னொரு தடவை என்னைப் பாத்து உக்காருன்னு சொன்ன, கழுத்தைத் திருகிடுவேன்."

சொல்லிவிட்டு இடது கையால் ஓர் அறை விட்டார். நுரை பறந்து சுவரில் இருந்த நாட்காட்டியின் மேல் அப்பியது. சர்க்கரை கட்டிலின் கீழே கிடந்தார். பக்கத்து அறையில் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி, துணி வெட்டும் கத்தரிக்கோலோடு ஓடி வந்தாள்.

"யாருய்யா நீ? வீடு புகுந்து அடிக்கற?"

"புகுந்து வரல தங்கச்சி. உன் வீட்டுக்காரர் எழுதிக் குடுத்துதான் வந்திருக்கேன். இதோ பாரு. தெரு, கதவு எண், எல்லாம் அவர் கையெழுத்து. ரேகை கூட இருக்கு."

அவள் அட்டையை வாங்கிப் படித்தாள். கத்தரிக்கோலைக் கீழே இறக்கினாள்.

வந்தவர் கசாப்புக் கடைக்காரர். இரண்டு வாரத்துக்கு முன் சர்க்கரையிடம் தாய்மடி என்ற சாய்வு நாற்காலியை வாங்கியவர். பக்கத்துப் பிடியை இழுத்தால் முதுகுப்பலகை பின்னால் சாயும், காலடிப் பலகை மேலே எழும். வாங்கிய மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு அதில் சாய்ந்திருக்கிறார்.

"முதல்ல முதுகுப்பலகை வந்து முன்னாடி தள்ளுச்சு. மூக்கு மேசையில மோதிப் பேந்துச்சு. எந்திரிக்கலாம்னு கையை ஊனினேன், கைப்பிடி மூடிக்கிச்சு. எலும்பு முறியற சத்தம் எனக்குத் தெரியாதா? தினம் கேக்கறவன் நான். கத்தறதுக்குள்ள காலடிப் பலகை எகிறி விலாவுல ஒண்ணு விட்டுச்சு. அப்புறம் மொத்தமா தூக்கித் தலைகீழா தரையில அடிச்சுது. எங்கம்மா உசுரோட இருந்தவரைக்கும் என் மேல ஒரு அடி வச்சதில்ல. இதுக்குப் பேரு தாய்மடியாம்!"

"கடைல போய்க் கேக்க வேண்டியதுதானே அண்ணே?" என்றாள் மனைவி.

"போனேன். ரொம்ப மரியாதையா தண்ணி குடுத்து, உங்க வீட்டுக்கு வழி வரைஞ்சு குடுத்தாங்க." அவர் சர்க்கரையின் பக்கம் திரும்பினார். "கேஸ் போடப் போறேன். கடை மேல இல்ல, உன் மேல. எழுதிக் குடுத்தவன் எவனோ அவன்தான் உள்ள போவான்னு வக்கீல் சொல்லிட்டாரு. கத்தி பிடிக்கற கை இது. கடை சாத்திக் கிடக்குது. நீ ஜெயில்ல உக்காந்து யோசிச்சுப் பாரு."

மறுநாள் சர்க்கரை வீங்கிய கன்னத்தோடு மேலாளர் முன்னால் நின்றார். மேலாளர் கண்ணாடி மேசையின் மேல் விழுந்த தன் பிம்பத்தைப் பார்த்தபடி பேசுகிற வழக்கம் உள்ளவர்.

"இந்தக் கடை ஒரு குடும்பம், சர்க்கரை. குடும்பத்துல ஒருத்தருக்குப் பிரச்சினை வந்தா, அது அந்த ஒருத்தரோட பிரச்சினைதான்னு மத்தவங்க எல்லாரும் ஒத்துமையா நிப்போம்."

"கேஸ்னு வந்தா நம்ம வக்கீல் வருவாருங்களா?"

"கண்டிப்பா வருவாரு. உங்களுக்கு எதிரா."

சர்க்கரை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"பயப்படாதீங்க. கோர்ட்டு வரைக்கும் போகாம தீர்க்கத்தான் மூணாவது மாடியில வாடிக்கையாளர் மனநிறைவுக் குழு இருக்கு. அங்க விசாரணைக்கு ஒத்துழைச்சா, புகார்க்காரர் அது முடியற வரைக்கும் கேஸ் போட முடியாது. பில்லுலயே பொடி எழுத்துல போட்டிருக்கோம். நீங்க வேலையை விட்டுட்டா விசாரணை இல்ல. நேரா ஜெயில்."

மூன்றாவது மாடிக்கு அதுவரை சர்க்கரை போனதில்லை. அறையின் சுவர் முழுக்க வெள்ளை ஓடு பதித்திருந்தார்கள். தரை ஒரு மூலையை நோக்கிச் சரிந்து அங்கே ஒரு சாக்கடைத் துளை இருந்தது. பக்கத்திலேயே தண்ணீர்க் குழாய், சுருட்டிய ரப்பர்க் குழாயோடு. நடுவில் கசாப்புக்காரர் திருப்பிக் கொண்டுவந்து போட்ட அதே தாய்மடி, பச்சை வெல்வெட்டில், பரம சாதுவாக உட்கார்ந்திருந்தது.

மேசைக்குப் பின்னால் மூவர். நடுவில் குழுத் தலைவர்; அவர் சிரித்தால் குழந்தைகள் ஓடி வந்து மடியில் ஏறிக்கொள்ளும், அப்படி ஒரு முகம். ஒரு பக்கம் அளவையாளர், அளவுநாடாவோடும் ஓர் இரும்புக் கம்பியோடும். இன்னொரு பக்கம் கடை மருத்துவர். சுவரோரம் விருந்தினர் இருக்கையில் கசாப்புக்காரரை உட்காரவைத்து, கையில் பழரசம் கொடுத்திருந்தார்கள்.

அவர் மருத்துவரைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "இவரு நம்ம ஆட்டுக்குச் சீட்டு எழுதறவராச்சே!"

"ஆடும் முதுகெலும்பு உள்ள உயிர்தான்" என்றார் மருத்துவர், கொஞ்சம் வருத்தத்தோடு.

தலைவர் தொண்டையைச் செருமினார். "புகார்ல நாலு வரி இருக்கு. மூக்கு, வலது கை, விலா, தலை. ஒவ்வொரு வரியும் நிஜமான்னு பாக்கணும். பாக்கணும்னா யாராவது அதுல உக்காரணும். மரியாதைக்குரிய வாடிக்கையாளரை மறுபடி உக்காரச் சொல்றது நாகரிகம் இல்ல. செஞ்ச கம்பெனிக்காரங்க ரொம்ப தூரத்துல இருக்காங்க. நான் தலைவர், எனக்கு எழுதற வேலை. மிச்சம் யாரு?"

எல்லோரும் சர்க்கரையைப் பார்த்தார்கள்.

"ஒண்ணே ஒண்ணு" என்றார் கதவருகே நின்ற மேலாளர். "வாடிக்கையாளர் முன்னாடி நம்ம ஆளுங்க எப்பவும் சிரிச்ச முகமா இருக்கணும். விதி ஒன்பது."

சர்க்கரை சிரித்தபடி உட்கார்ந்தார். அளவையாளர் பிடியை இழுத்தார். நாற்காலி மெல்லச் சாய்ந்தது. தொட்டிலில் போட்டது மாதிரி இருந்தது. மறுபடி இழுத்தார், மறுபடி சுகமாகச் சாய்ந்தது. மூன்றாவது தடவை உள்ளே எங்கோ ஸ்பிரிங் ஒன்று பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது. முதுகுப்பலகை பின்னாலிருந்து எத்தியதில் சர்க்கரை பறந்து போய் எதிர்ச் சுவரில் முகத்தைப் பதித்தார். வெள்ளை ஓட்டில் ஒரு சிவப்புப் பூ மலர்ந்து, நாலு கோடாக வழிந்தது.

"மூக்கு" என்றார் மருத்துவர், எட்டிப் பார்த்து.

"முதல் வரி சரி" என்று தலைவர் ஒரு டிக் போட்டார். "சிரிப்பு கொஞ்சம் ஒரு பக்கமா இருக்கு. மூக்கு இருந்த இடத்தை நடுவா வச்சுச் சிரிங்க."

கசாப்புக்காரர் பழரசத்தை ஒரே மூச்சில் குடித்தார். அன்றைக்கு அவருக்கு நிறைவாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

இரண்டாவது விசாரணை வியாழக்கிழமை. வலது கை. சர்க்கரை கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு ஒரு மணிநேரம் உட்கார்ந்திருந்தார். அளவையாளர் பிடியை நாற்பது தடவை இழுத்தார். கைப்பிடி மூடவே இல்லை.

"மூடலீங்களே" என்றார் சர்க்கரை, முகம் மலர்ந்து. "அப்ப கை தப்பிச்சுதுங்களா?"

தலைவர் வேதனையோடு தலையை ஆட்டினார். "அவசரப்படாதீங்க. வாடிக்கையாளரோட காயம் ஒண்ணு இருக்கு. அதோட ஒப்பிட்டுப் பாக்க நம்மகிட்ட ஒரு காயம் வேணும். காயமே இல்லாம எதை எதோட ஒப்பிடறது? நாற்காலி மறந்திருக்கலாம். நாம ஞாபகப்படுத்தறதுல தப்பில்லை."

அளவையாளர் இரும்புக் கம்பியை எடுத்தார். முதல் அடியில் கைப்பிடி பாதி மூடியது. இரண்டாவது அடி குறி தவறி முழங்கைக்குக் கீழே விழுந்தது. மூன்றாவது அடிக்கு அவசியம் இருக்கவில்லை, ஆனாலும் படிவத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன. சர்க்கரை போட்ட சத்தத்தில் கீழ்த்தளத்தில் கட்டில் பார்த்துக்கொண்டிருந்த ஒரு புதுமணத் தம்பதி வெளியே போய்விட்டார்கள். அந்த விற்பனை நழுவியதும் சர்க்கரையின் பொறுப்பில் குறிக்கப்பட்டது.

தீர்ப்பைத் தலைவர் வாசித்தார்: "நாற்காலி தானாக எதுவும் செய்யவில்லை. கை முறிந்துள்ளது. ஆகவே இது கையின் இயல்பு என்று குழு கருதுகிறது."

கசாப்புக்காரர் கையில் பழரசம் அப்படியே இருந்தது. "யோவ்" என்றார் மருத்துவரிடம் மெதுவாக. "எலும்புன்னா அதுக்கு ஒரு முறை இருக்குதுய்யா. கணுப் பாத்து வைக்கணும். இவன் விறகு பொளக்கற மாதிரி அடிக்கறான். செத்த ஆட்டுக்குக்கூட நான் இப்படிப் பண்ண மாட்டேன்."

"நீங்க எந்தத் தாள்லயும் கையெழுத்து வாங்காம வெட்டறீங்க" என்றார் மருத்துவர். "அதான் உங்களுக்குக் கை கூசுது."

மூன்றாவது வரிக்குக் காலடிப் பலகை எகிறவில்லை. இப்போது அந்த நாற்காலி பசுமாடு மாதிரி ஆகியிருந்தது. எனவே கிடங்கிலிருந்து சுமை தூக்குகிறவர்கள் இரண்டு பேரை வரவழைத்தார்கள். பதினாறு வருடமாக சர்க்கரையோடு ஒரே பெஞ்சில் மதியம் சாப்பிட்டவர்கள். பலகையைக் கழற்றி ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"மன்னிச்சுக்குங்கண்ணே" என்றான் ஒருவன். "எங்க வீட்டு முகவரியும் அவங்ககிட்ட இருக்கு."

"பரவாயில்லப்பா. எடம் பாத்து அடிங்க."

அவர்கள் அழுதுகொண்டே அடித்தார்கள். இரண்டு விலா. 'அழுகை தேவையற்றது, இருப்பினும் அனுமதிக்கப்பட்டது' என்று அறிக்கையில் எழுதப்பட்டது.

அப்போதுதான் கசாப்புக்காரர் பழரசக் குவளையைத் தரையில் வீசி அடித்தார். "நிறுத்துங்கய்யா! நான் புகாரை வாபஸ் வாங்கிக்கறேன். கேஸும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். அவனை விடுங்க."

தலைவர் பொறுமையாகச் சிரித்தார். "நீங்க வாபஸ் வாங்க முடியாதுங்க. முத்திரை குத்தின நிமிஷமே அது எங்க புகார். ஆட்டை வெட்டினப்புறம் ஆட்டுக்காரர் வந்து திருப்பிக் கேட்டா நீங்க குடுப்பீங்களா? இன்னும் ஒரே வரிதான் பாக்கி. திங்கட்கிழமை. தலை."

மருத்துவர் சர்க்கரையின் தலையை இரண்டு கையாலும் பிடித்து, பழம் வாங்குகிறவர் மாதிரி அங்கங்கே அழுத்திப் பார்த்தார். "இவருக்கு எலும்பு மெல்லிசு. ஒரு தடவை தாங்கும். ரெண்டாவது தடவைக்குத் தேவை இருக்காது."

'பொருத்தம்' என்று எழுதிக்கொண்டார்கள்.

சனிக்கிழமை மதியம் கசாப்புக்காரர் ஒரு தூக்குப் பாத்திரத்தோடு வந்தார். இந்தத் தடவை கதவைத் தட்டினார். உள்ளே எலும்பு சூப்பு. சர்க்கரையைத் தலையணை வைத்து நிமிர்த்தி, இடது கையால் கரண்டி கரண்டியாக ஊட்டினார். இரண்டு பேருக்கும் வலது கையில் மாவுக்கட்டு, ஒரே இடத்தில். பார்த்த மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே வாயைப் பொத்திக்கொண்டு தையல் மிஷினை வேகமாக மிதித்தாள்.

"ஊரை விட்டுப் போயிடுங்களேன் தங்கச்சி."

"எங்க போறது அண்ணே? எங்க போனாலும் ஆளைத் தேடிப் பிடிச்சு ஜெயில்ல போடுவோம்னு கடையில மிரட்டறாங்க. இந்த ஒடம்புக்கு ஜெயிலா? பத்து நாள் தாங்க மாட்டாரு."

"இவரைச் சொல்லி என்ன ஆகப் போகுது? நல்ல மனுஷன். தெரியாம வித்துட்டாரு." கரண்டியை சர்க்கரையின் வாயருகே கொண்டுபோனார். "வாயைத் திறய்யா. நீ என்ன பண்ணுவ, குடுத்ததை வித்த. உனக்குத் தெரிஞ்சிருந்தா குடுத்திருப்பியா?"

சர்க்கரை வாயைத் திறக்கவில்லை. சூப்பு கன்னத்தில் வழிந்தது. வலியாக்கும் என்று நினைத்து அவர் துண்டால் துடைத்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை கடையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மனைவி உரக்கப் படித்தாள். வாடிக்கையாளர் சொன்னது பொய், அவரே தன் கையை உடைத்துக்கொண்டார் என்று சர்க்கரை எழுதிக் கொடுத்தால் நான்காவது வரி ரத்து. வேலையும் அப்படியே இருக்கும். பொய்ப்புகார் கொடுத்த குற்றத்துக்காக அந்த நான்கு வரிகளும் முதலிலிருந்து வாடிக்கையாளர் மேல் நடத்தப்படும். மூன்று நகல்கள் இணைப்பு.

அவள் கடிதத்தை மடித்தாள். விரித்தாள். மறுபடி மடித்தாள்.

"கைநாட்டைப் போட்டுட்டு வந்துடுங்க" என்றாள். "அந்த அண்ணன் பெரிய ஒடம்பு. தாங்குவாரு."

சர்க்கரை அவளையே பார்த்தார்.

"அப்படிப் பாக்காதீங்க. எனக்கு நீங்க வேணும்" என்றாள். கொஞ்சநேரம் கழித்து, "தூக்குப் பாத்திரத்தைக் கழுவி வச்சிருக்கேன். இனிமே அதை எந்த மூஞ்சியோட திருப்பிக் குடுக்கறது? எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியலைங்க. உங்க தலை, நீங்களே முடிவு பண்ணுங்க" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

கைத்தாங்கலாக அவளே கூட்டிக்கொண்டு போனாள். அவளுக்கு 'குடும்பப் பார்வையாளர்' என்று ஒரு வில்லை கொடுத்து முந்தானையில் குத்திக்கொள்ளச் சொன்னார்கள். கசாப்புக்காரரையும் வரவழைத்திருந்தார்கள். எதற்கு என்று அவருக்குச் சொல்லவில்லை. ஆனால் கதவருகே நான்கு பேர் நிற்பதை அவர் பார்த்தார். நாற்காலியின் முன்னால் தரையில் தலை படவேண்டிய இடத்தைச் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தார்கள். சுத்தமான வட்டம்.

மேலாளர் தாளை நீட்டினார். "கை முடியாதுன்னு தெரியும். மைப்பெட்டி ரெடியா இருக்கு. இடது கட்டைவிரல் போதும்."

"ஒரு வார்த்தை பேசலாங்களா?"

"தாராளமா. உங்க பேச்சைக் கேக்கத்தானே இத்தனை வருஷமா ஜனங்க வந்தாங்க" என்றார் தலைவர்.

உடைந்த மூக்கு வழியாகச் சர்க்கரையின் குரல் தகரத்தைத் தேய்ப்பது மாதிரி வந்தது. தித்திப்பு என்று அதில் ஒன்றும் இல்லை.

"அவரு பொய் சொல்லலீங்க. அந்த நாற்காலி கெட்டது. லாரியிலிருந்து இறக்கின அன்னிக்கே என் விரலைக் கடிச்சுது. நகம் பேந்துடுச்சு. மேலாளர்கிட்ட போய்க் காட்டினேன். 'உங்க விரலை யாரு அங்க வைக்கச் சொன்னது'ன்னாரு. நான் துணியைச் சுத்திக்கிட்டு அன்னிக்குச் சாயங்காலமே அதை இவருக்கு வித்தேன். எங்க இவரு பிடியை இழுத்துப் பாத்துடுவாரோன்னு பேச்சு குடுத்துக்கிட்டே இருந்தேன். அம்மா மடியில படுத்த மாதிரி இருக்கும்னு சொன்னேன். தெரிஞ்சுதாங்க சொன்னேன்."

கசாப்புக்காரரின் முகம் வெளுத்தது, பிறகு ரத்தம் ஏறிச் சிவந்தது.

முதலில் சமாளித்துக்கொண்டவர் தலைவர்தான். அவர் முகம் சந்தோஷத்தில் பளபளத்தது. "தெரிஞ்சே வித்தேன்னு அவரே சொல்லிட்டாரு! அப்ப பொறுப்பு முழுசும் அவரோடது. கடைக்கு ஒரு சம்பந்தமும் இல்ல. குழுவோட பதினொரு வருஷத்துல இவ்வளவு சுத்தமா எதுவும் முடிஞ்சதில்ல."

"மேலாளர்கிட்ட காட்டினதா சொன்னாரே" என்றாள் மனைவி.

"அது எழுத்துல இல்லம்மா. எழுத்துல இல்லாதது நடக்கல." அவர் பேனாவைத் திறந்தார். "இவரை முதல்ல வேலைநீக்கம் பண்ணிடலாம். உண்மை பேசற ஆளை வச்சுக்கிட்டு எந்தக் கடையும் நடத்த முடியாது. அப்புறம் தலை."

"கொஞ்சம் யோசிங்க" என்றார் மேலாளர் பதறி. "வேலைநீக்கம் பண்ணிட்டா தலை அவரோட சொந்தத் தலை ஆயிடும். நாம தொட முடியாது. முதல்ல தலை, அப்புறம் வேலைநீக்கம்."

"தலை முடிஞ்சப்புறம் வேலைநீக்கக் கடிதத்தை யாரு வாங்கிக்கறது? கையெழுத்து வேணுமே."

"குடும்பப் பார்வையாளர் வாங்கிக்கலாம்" என்றார் மருத்துவர்.

அவர்கள் விதிப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது கசாப்புக்காரர் எழுந்து நடந்து வந்தார். சர்க்கரையின் முன்னால் நின்றார். நின்றபடியே ஒரு மூச்சு இழுத்துவிட்டு, இடது கையால் ஓங்கி ஓர் அறை விட்டார். முதல் ஞாயிற்றுக்கிழமை விட்டதெல்லாம் இதன் முன்னால் தடவிக்கொடுத்தது மாதிரி. சர்க்கரை நாற்காலியையும் தாண்டிப் போய் விழுந்தார்.

"இது நிகழ்ச்சி நிரல்ல இல்ல!" என்று தலைவர் அலறினார். "எந்தப் படிவத்துல இதை எழுதறது?"

"எழுதாத" என்றார் கசாப்புக்காரர். "என்னை ஏமாத்தினான், அடிச்சேன். எனக்கும் இவனுக்கும் இதோட தீந்துது. உங்களுக்கு இதுல என்னய்யா வேலை?"

குனிந்து சர்க்கரையை ஒரு கையால் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டார். மனைவி பின்னாலிருந்து தாங்கிப் பிடித்தாள். அளவையாளர் கம்பியை ஓங்கிக்கொண்டு குறுக்கே வந்தார். கசாப்புக்காரருக்கு ஒரு கை மாவுக்கட்டில், மறு கை சர்க்கரையைப் பிடித்திருந்ததால் தலையால் முட்டினார். அது நாற்காலி தரையில் அடித்தும் உடையாத தலை. அளவையாளர் பின்னால் சரிந்து தாய்மடியில் உட்கார்ந்தார். இத்தனை நாள் சாதுவாக இருந்த நாற்காலிக்கு அப்போது எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தது. கைப்பிடிகள் இரண்டும் மூடின. முதுகுப்பலகை மடங்கி வந்து முழங்காலில் முகத்தை அழுத்தியது. உள்ளேயிருந்து காய்ந்த முருங்கைக் கிளைகளை ஒடிப்பது போலச் சத்தம் வந்துகொண்டே இருந்தது, ஊளையோடு சேர்த்து.

மருத்துவர் ஓடப் பார்த்தார். தலைவர் கையை உயர்த்தித் தடுத்தார். "அவர் இன்னும் புகார் குடுக்கல. அதுவரைக்கும் அங்க ஒண்ணும் நடக்கல."

கதவருகே நின்ற நான்கு பேரும் கசாப்புக்காரரைப் பார்த்தார்கள், நாற்காலியைப் பார்த்தார்கள், வழிவிட்டார்கள். அதில் இரண்டு பேர் சுமை தூக்குகிறவர்கள். அவர்கள் படிவரைக்கும் வந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்கள்.

கீழே வாசலில் காவலாளி மறித்தார். "கடைப் பொருள் வெளியே போகுதுன்னா சீட்டு வேணும்."

"கண்ணு தெரியலையா? இது ஆளு."

"சட்டையில கடை முத்திரை இருக்கே."

மனைவி வில்லையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, புருஷனின் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். முறிந்த கையிலிருந்து சட்டையை உருவ முடியவில்லை. தையலைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். தைக்கத் தெரிந்தவளுக்கு எங்கே கடித்தால் கிழியும் என்று தெரியும். கிழிந்த சட்டையைக் காவலாளியின் கையில் வைத்தாள்.

"இந்தாங்க, உங்க பொருள்."

காவலாளி அதை வாங்கி மடித்துப் பதிவேட்டில் எழுதத் தொடங்கினார். அவர்கள் வெளியே வந்தார்கள். நல்ல வெயில். பேருந்துக்காக நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்: மாவுக்கட்டு போட்ட பெரிய ஆள் ஒருவர், முதுகில் சட்டையில்லாத ஒல்லி ஆள் ஒருவர், பின்னால் வாயில் நூலோடு ஒரு பெண்.

"ஜெயில்ல போடுவாங்களாண்ணே?" என்றாள் அவள்.

"கேஸ் போட வேண்டியவன் நான்தானே தங்கச்சி. நான்தான் அடிச்சுட்டேனே. இனி எங்க போய்ப் போடறது?"

தெருமுனை திரும்பும்போது கசாப்புக்காரர் முகத்தைத் திருப்பாமலே கேட்டார்.

"வலிக்குதாய்யா?"

"கன்னம் மட்டும்ண்ணே."

"வலிக்கட்டும்" என்றார் அவர். சொல்லிவிட்டு, விலா அழுந்தாதபடி அவரை மெதுவாக ஒரு பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு நடந்தார்.